அப்பாதுரையின் காது

பெண்கள் விடுதிக்கு முன்னால் அப்பாதுரை குப்புறப் படுத்து, இடது காதை மண்ணில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காலி பக்கெட்டோடு நாற்பது பெண்கள் அவரைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றார்கள். விடுதிக் குழாயில் தண்ணீர் நின்று மூன்று நாளாகியிருந்தது.

"தூங்கிட்டாராடி?" என்றாள் ஒருத்தி.

"சும்மா இரு பாப்பா. பைப்பு பேசிகினு கீது," என்றார் அப்பாதுரை, கண்ணைத் திறக்காமலே.

பத்தடி தள்ளி தோத்தாத்ரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாம்பரம் பக்கத்து அந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டடம், குழாய், சாக்கடை எல்லாவற்றுக்கும் அவர்தான் மேற்பார்வையாளர். எந்தக் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று காட்டும் வரைபடம் எண்பத்தைந்தாம் வருஷத்து மழையில் ஊறி, மிச்சத்தைக் கரையான் தின்றுவிட்டது. அன்றிலிருந்து வரைபடம் என்றால் பிளம்பர் அப்பாதுரைதான்.

மனிதர்கள் அவரிடம் பொய் சொல்லலாம், குழாய்கள் சொல்லாது என்று வளாகத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்து, "கெமிஸ்ட்ரி பிளாக்காண்ட லீக்கு," என்றாராம். பஸ் பிடித்து வந்து தோண்டினார், தண்ணீர் பீறிட்டது. கத்தரிக்காய் வாங்காமலே வந்துவிட்டதற்கு வீட்டில் திட்டு விழுந்தது வேறு கதை.

அந்த வரைபடத்துக்கு வருகிற முப்பத்தொன்றாம் தேதி ஐம்பத்தெட்டு வயது முடிகிறது. இரண்டு வருஷம் நீட்டிப்புக் கேட்டு தோத்தாத்ரி எழுதிய காகிதம் கையெழுத்தாகாமல் கிடந்தது. கையெழுத்து விழாவிட்டால் அப்பாதுரைக்கு வேலையோடு குவார்ட்டர்ஸும் போய்விடும். தோத்தாத்ரிக்குத் தூக்கம் போய்விடும்.

பதிவாளர் தேவானந்தமோ விஞ்ஞானக் கட்சி. "ஆளுக்கு வயசாகும், மிஷினுக்கு ஆகாது," என்று சொல்லி, லீக் கண்டுபிடிக்கும் மிஷின் விற்கிற சத்தியநாதனை வரவழைத்திருந்தார். அப்பாதுரை கண்டுபிடித்தால் நீட்டிப்பு. மிஷின் கண்டுபிடித்தால் மிஷின். இதுதான் ஏற்பாடு.

கழுத்தில் டை, காதில் இயர்போன், கையில் பெட்டி என்று சத்தியநாதன் மோட்டார் ரூமிலிருந்து விடுதிவரை ரெண்டு தடவை நடந்தார். அப்புறம் இயர்போனைக் கழற்றினார்.

"சார், இந்த லைன்ல லீக்கே இல்ல."

"மோட்டார் ஓடுது, விடுதிக்குத் தண்ணி வரல. லீக் இல்லாம எங்கய்யா போச்சு?" என்றார் பதிவாளர்.

"அது தெரியாது சார். மிஷின் லீக்கை மட்டும்தான் சொல்லும்."

தோத்தாத்ரி கைக்குட்டையை மறுபடியும் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

அப்பாதுரை எழுந்தார். காதில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார், பதினோரு தப்படி நடந்தார், கால் கட்டைவிரலால் தரையில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"இங்க. நாலடி."

இரண்டு ஆட்கள் மண்வெட்டி போட்டார்கள். மூன்றடி இறங்கியும் புழுதிதான் பறந்தது.

"ஈரமே இல்லியே! மூணு நாளா லீக்குன்னா சொதசொதன்னு கெடக்க வேணாமா?" என்றார் சத்தியநாதன்.

பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் இரண்டாம் தடவை பார்ப்பதற்குள் அப்பாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் குதித்தார்.

"எல்லாம் மேல ஏறுங்கப்பா. கடைசி அடில வேற கை படக் கூடாது."

அது அவர் வழக்கம். வளாகத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். கடப்பாறையை வாங்கிக்கொண்டு அவர் குனிந்தார். 'ணங்'கென்று ஒரு சத்தம், பின்னாலேயே இன்னொன்று.

ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. சத்தியநாதனின் டை நனைந்தது. நாற்பது பெண்களும் விசில் அடித்தார்கள். விடுதி வார்டன் ஞானம்மாள் அதட்ட வாயெடுத்து, பிறகு அவரும் கைதட்டினார்.

பதிவாளர் வேறு இடம் கிடைக்காமல் அந்த மிஷின் பெட்டி மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "நீங்க கெளம்பலாம்," என்று சத்தியநாதனிடம் சொன்னார். பரீட்சையில் தவறிய பிள்ளையை அழைத்துப் போகிறவர் மாதிரி, சத்தியநாதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

சாயங்காலத்துக்குள் உடைப்புக்குக் கிளாம்ப் மாட்டியாகிவிட்டது. கூட்டம் கலைந்ததும் தோத்தாத்ரி பள்ளத்தின் ஓரமாய் உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"பயந்தே போயிட்டேன்யா. பாழாப்போன மிஷின் உண்மையச் சொல்லிடுத்தே!"

"சொன்னா இன்னா சார்? அது உண்மைய சொல்லிச்சு, நா பைப்ப ஒடைச்சேன். எத நம்புனாங்க பாத்தியா?"

தோத்தாத்ரி எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி சரி, விடுதி வாசல்ல நாம மூடி வெச்ச வால்வைப் போய்த் தொறந்து விடு. பாவம், பொண்ணுங்க குளிச்சு மூணு நாளாச்சு."