மஞ்சள் பொட்டலம்

டாக்ஸி ஓட்டுநர் லோவின் ரத்தத்திலிருந்து எங்கள் தைனான் நகர ஆய்வகத்தில் வளர்த்த இதயத் தசைத் துண்டு, தபால்தலை அளவில், வளர்ப்புப் பெட்டிக்குள் ஒரு தட்டில் தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. நாளை அதை அவருடைய பழுதான இதயத்தில் தைக்க வேண்டும். இன்னொன்று வளர்க்க மூன்று மாதமாகும். அவருக்கு அவ்வளவு நாள் இல்லை.

இன்று காலை எட்டு ஐம்பதுக்கு அது நின்றுவிட்டது. சூடு சரியாக இருந்தது, காற்றும் சரி. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவளான சின்-யீ அக்கா பெட்டியின் மேலே பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“யாருடா இங்க மஞ்சப் பொட்டலத்த வச்சது?”

இயந்திரங்கள் மக்கர் செய்யாமலிருக்க அவற்றின் மேல் பச்சை நிற உறையில் வரும் பொரிப் பொட்டலத்தை வைப்பது எங்கள் ஊர் வழக்கம்; மஞ்சள் உறை ஆகாது.

“கடையில பச்சை தீந்துபோச்சுக்கா. எல்லாம் பொரிதானே?” என்றேன்.

“சிக்னல்ல மஞ்ச விழுந்தா வண்டி ஓடுமா? உனக்கெல்லாம் டாக்டர் பட்டம் ஒரு கேடு!”

பக்கத்து அறையிலிருந்து பச்சையைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்பது ஒன்றுக்குத் துண்டு மறுபடி துடித்தது. இருவரும் சிரித்தோம்.

ஒன்பதரைக்கு வார்டிலிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டாள். “லோ மாமாவுக்குப் பதினோரு நிமிஷம் நாடியே இல்ல. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. இப்ப எந்திரிச்சு உக்காந்து மீன் கஞ்சி குடிக்கறாரு!”

“எப்ப?”

“எட்டு அம்பதுல இருந்து.”

தைப்பதற்கு முன் துண்டின் ஓரங்களைக் கத்தரித்து அளவாக்குவது என் வேலை. அளவு பார்க்கக் கத்தரிக்கோலை எடுத்துத் தட்டின் மேல் நீட்டினேன். துடிப்பு வேகமானது.

நர்ஸ் இன்னும் போனை வைக்கவில்லை. “என்ன மாமா, கஞ்சிய வச்சிட்டு அழறீங்க? ஆப்பரேஷன் நாளைக்குத்தானே?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.