இஸ்திரிக்காரரின் சந்தேகங்கள்

அந்த மனுஷன் கையைத் தூக்கினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ஓட்டலில் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு தினமும் மூன்று மணிக்கு இங்கிலீஷ் கிளாஸ். அரை மணி நேரம். வரவேற்பில் நிற்கிற பெண்தான் டீச்சர். துணி மடிக்கிற மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்காருவோம். எனக்கு நேர் எதிரே லாண்டரி இஸ்திரிக்காரர்.

மாசக் கடைசியில் பரீட்சை. பாஸானவர்களில் இருந்துதான் மாடி சூப்பர்வைசர் எடுப்பார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்குப் பதினாலு கட்டில் விரித்து இடுப்பு விட்டுப்போச்சு. டாக்டர் இனிமேல் குனியவே கூடாது என்கிறார். குனியாமல் இந்த ஓட்டலில் சம்பளம் வாங்க எனக்கு வேறு வழி இல்லை.

இருக்கிறதே அரை மணி. அதில் பாதியை இஸ்திரிக்காரர் விழுங்கிவிடுவார்.

முதல் நாளே ஆரம்பித்தார். டீச்சர் ‘மேக் தி பெட்’ என்றாள். ‘மேக்’ என்றால் செய்வதாயிற்றே, கட்டில் செய்வது தச்சர் வேலை, நம்மை எதற்குச் செய்யச் சொல்கிறார்கள் என்று கேட்டார். மேசையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பொருளைச் செய்வது, படுக்கையைச் சரிபண்ணுவது, சம்பாதிப்பது, முடிவெடுப்பது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் என்று டீச்சர் பொறுமையாக விளக்கினாள்.

அடுத்த நாள் ‘ரன்’. குழாய் ‘ரன்’ ஆகிறது என்றால் அது எங்கே ஓடுகிறது என்றார். அதற்கடுத்த நாள் ‘சார்ஜ்’. போனுக்குப் போடுவதும் அதுதான், பில்லில் போடுவதும் அதுதான், பொறுப்பில் இருக்கிற ஆளும் ‘இன்சார்ஜ்’தான், இது என்ன கூத்து என்றார். இத்தனூண்டு வார்த்தையை எடுத்து வைத்துக்கொண்டு குடைகுடையென்று குடைவார்.

டீச்சரும் சளைக்காமல் பதில் சொல்வாள். சொன்னதை வீணாக்குவானேன் என்று நானும் எழுதிக்கொள்வேன்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தபோது என் பொறுமை போய்விட்டது. ‘செட்’ என்ற வார்த்தையை டீச்சர் பாதி விளக்கியிருந்தாள். எதிரே கை மேலே போனது.

“அண்ணே, உங்களுக்கு மண்டையில ஏறலன்னா விட்டுடுங்க. ஏறுறவங்களாவது படிச்சுக்கிறோம்” என்றேன்.

டீச்சர் முகம் சுண்டிப்போனது. அவர் மெதுவாகக் கையை இறக்கினார்.

“சரிம்மா. தப்பா எடுத்துக்காதே.”

அதற்கப்புறம் அவர் வந்தார், உட்கார்ந்தார், போனார். வாயே திறக்கவில்லை. கிளாஸ் பிய்த்துக்கொண்டு போனது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, இரண்டு நாளைக்கு.

மூன்றாம் நாள் ‘டர்ன் டவுன்’ வந்தது. டீச்சர் மூன்று வாக்கியம் எழுதினாள். ஒன்றில் கட்டில் இருந்தது, ஒன்றில் டிவி சத்தம், இன்னொன்றில் யாரோ ஒருவனுக்கு வந்த வேலை. கட்டிலைக் கவிழ்த்துப் போடச் சொல்கிறாளா என்ன? எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரிந்ததா என்று கேட்டாள். முதலில் ஆடிய தலை என்னுடையதுதான்.

கேளுங்களேன் அண்ணே என்று எதிரே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கை மட்டும் அசையவில்லை.

இரண்டு நாள் இப்படியே போனது. நோட்டில் வார்த்தைகள் இருந்தன, அர்த்தம் இல்லை. வேலை கைநழுவிவிடும் என்ற பயத்தில் கடைசியில் நானே கையைத் தூக்கினேன். எனக்குச் சந்தேகம் என்று சொல்ல நாக்கு எழவில்லை, சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ‘டர்ன் டவுன்’ என்றால் படுக்கப் போகுமுன் போர்வையை மடித்துவிடுவது, சத்தத்தைக் குறைப்பது, வந்ததை வேண்டாமென்பது, எல்லாம்தான் என்று டீச்சர் விளக்கினாள். எல்லோரும் அவசரமாக எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் கிளாஸ் முடிகிறவரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பரீட்சையில் ‘மேக்’ வந்தது, ‘ரன்’ வந்தது, ‘சார்ஜ்’ மூன்று இடத்தில் வந்தது. பாஸ் பண்ணிவிட்டேன். இரண்டாம் மாடி எனக்கு. அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

ஒட்டியிருந்த ரிசல்ட் தாளில் ஆறு பெயர்தான் இருந்தது. இஸ்திரிக்காரர் பெயரைக் காணோம். எனக்கு மனசு இளகிவிட்டது. நேராக வரவேற்புக்குப் போனேன்.

“பாவம் அந்த அண்ணன், பரீட்சை பக்கமே வரலையா? நான் வேற அன்னைக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். ஒண்ணு பண்றேன், தினம் பத்து நிமிஷம் நானே அவருக்குச் சொல்லித்தரேன்” என்றேன்.

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவர் எட்டு வருஷம் பெரிய பயணிகள் கப்பலில் வேலை பார்த்தவராம். இங்கிலீஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாம். விருந்தாளி பேசுவது புரியாவிட்டால் அவளே லாண்டரிக்குப் போன் போட்டு அவரைத்தான் கேட்பாளாம்.

“அப்புறம் எதுக்கும்மா அத்தனை சந்தேகம் கேட்டார்?”

“அதுல ஒண்ணுகூட அவரோடது இல்லக்கா. எந்த வார்த்தைக்கு நீங்க முழிக்கிறீங்களோ, அந்த வார்த்தைக்குக் கையைத் தூக்குவார்.”