ஒரே ஒரு கணு

"அவளைத் தவிர வேற யாரும் மாடிக்கு வரலை. வெட்டினது அவதான்!"

பட்டாபிராமன் சார் தொட்டியைத் தூக்கி வந்து, பார்க்கிங்கில் நடந்துகொண்டிருந்த அசோசியேஷன் மீட்டிங்கின் நடுவில் வைத்தார். செடியின் தண்டு ஒன்றில் மஞ்சள் தூள் தடவி, பஞ்சு சுற்றியிருந்தது. ஆக்சிடென்ட் கேஸ் தோற்றுவிடும்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடி, சாருடைய காடு. பச்சை வலை கட்டி, ஆந்தூரியம், அலோகேசியா, ஃபிலோடென்ட்ரான் என்று நூற்றுப் பத்து தொட்டி. அதில் மகாராணி இந்த மான்ஸ்டெரா. இலையில் பாதி பச்சை, பாதி வெள்ளை, நடுநடுவே ஓட்டை. ஒரு கணுவை வெட்டி நட்டாலே புதுச் செடி வந்துவிடும். தினமும் ஈரப் பஞ்சால் இலை இலையாகத் துடைப்பார். எலி கடித்த இலை மேல் பெயின்ட் கொட்டின மாதிரி இருக்கிறது என்பது என் கருத்து. பிளஸ் டூ பையன் கருத்தை யார் கேட்கிறார்கள்?

"குழந்தை மாதிரி வளர்த்தேன். ஒரு கணு, ஒரே ஒரு கணு வெட்டினாலும் திருட்டு திருட்டுதான்! செயினை அறுக்கறவனுக்கும் செடியை அறுக்கறவளுக்கும் என்ன வித்தியாசம்?"

மீன் கூடையோடு ஓரமாக நின்ற கங்கம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இன்னா சார், வாய்க்கு வந்தத பேசிகினு கீற? நானாவா மேல வந்தேன்? 'மீன் கழுவுன தண்ணி ஊத்து கங்கம்மா, செடி ஜோரா வருது'ன்னு வாராவாரம் நீதான கூப்புடுற? நீ மூக்கப் பொத்திகினு தூரமா நிப்ப, நான் ஊத்திட்டுப் போவேன். இந்த ஓட்ட எலைய வச்சிகினு நான் இன்னா கொழம்பா வெக்கப் போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

"பார்த்தேளா, என்ன வாய்! இவ இனிமே காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கப்படாது. தெருவுல இருக்கற மத்த அப்பார்ட்மென்ட் குரூப்லயும் போட்டுடப் போறேன். ஜாக்கிரதையா இருக்கட்டும்."

கங்கம்மாவின் குரல் சட்டென்று இறங்கியது.

"அப்டி மட்டும் பண்ணாத சார். குப்பத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்றேன். பதினாலு வருசமா இந்தத் தெருவ நம்பித்தான் என் பொயப்பு ஓடுது."

செகரட்டரி ஜெயஸ்ரீ மேடம் ரிஜிஸ்டரைத் திறந்தார். "ப்ரூஃப் எதுவும் இல்லதான். பட், சீனியர் மெம்பர் ஃபீல் பண்றார். நமக்கு எதுக்கு ரிஸ்க்? தீர்மானம் எழுதிடலாமா?"

யாரும் மறுக்கவில்லை. அரை மணி முன்னால் கங்கம்மாவிடம் கொசுறு நெத்திலி வாங்கிய என் அம்மாகூடத் தரையைப் பார்த்தாள்.

நானும் என் கிளாஸ்மேட் குணாவும் மெதுவாக மாடிப்படிக்குப் பின்னால் நழுவினோம். குணாவின் நம்பர் சாருக்குத் தெரியாது. எங்கள் பிரின்சிபால், வாட்ச்மேன் துரை அண்ணா, தாம்பரம் ஸ்டேஷன் அறிவிப்பு அக்கா, எல்லார் குரலும் என் தொண்டையில் ஸ்டாக் உண்டு. இன்றைக்குத் தேவை ஒரு கவர்மென்ட் ஆபீசர்.

"மச்சான், மாட்டினா செத்தோம்டா."

"மீட்டிங் கலைஞ்சா போதும்டா. போனைக் குடு."

நாற்காலியில் கிடந்த சாரின் போன் அடித்தது. அவர் கை இரண்டிலும் மண். ஜெயஸ்ரீ மேடம் எடுத்தார்.

"ஹலோ, பட்டாபிராமன் இருக்காருங்களா? பொட்டானிக்கல் கார்டன் சூப்பரின்டெண்ட் பேசறேன்." வாய் நிறைய வெற்றிலை, மூக்கு நிறைய அதிகாரம் வைத்துக்கொண்டு பேசினேன்.

மேடம் விஷயத்தைச் சொன்னதும் சார் முகத்தில் பல்ப் எரிந்தது.

"என் கலெக்‌ஷனை ஃபேஸ்புக்ல பார்த்திருப்பா! ஸ்பீக்கர்ல போடுங்கோ. எல்லாரும் கேக்கட்டும். சொல்லுங்கோ சார்!"

"என்னத்தச் சொல்றது? எங்க கார்டனுக்கு வந்து நீங்க செடி வெட்டினது கேமராவுல பதிவாகியிருக்கு. பெரிய மனுஷன் பண்ற வேலையா இது?"

சும்மா அடித்து விட்டதுதான். 'யார்யா நீ' என்று சார் குதிப்பார், கூட்டம் கலையும், சந்தடியில் தீர்மானம் மறந்து போகும். அவ்வளவுதான் என் பிளான்.

சார் குதிக்கவில்லை.

"ஸ்பீக்கரை... ஸ்பீக்கரை ஆஃப் பண்ணுங்கோ!" என்று மண் கையோடு போனைப் பிடுங்க வந்தார்.

ஜெயஸ்ரீ மேடம் போனை உயரத் தூக்கிக்கொண்டார். "பரவால்ல சார், இப்படியே பேசுங்க."

இதை நானே எதிர்பார்க்கவில்லை. குரலை இன்னும் கனமாக்கிக்கொண்டு, "என்ன, சத்தத்தையே காணோம்? போலீஸ்ல சொல்லட்டுமா?" என்றேன்.

"ஐயையோ, வேண்டாம் சார்! ரிடையர்டு மனுஷன் நான். பார்த்ததும் ஆசை தாங்கலை. குடைக்குள்ள வெச்சு எடுத்துண்டு வந்துட்டேன்."

ஜெயஸ்ரீ மேடம் ரிஜிஸ்டரை மூடி, "கங்கம்மா, நீ போய் வியாபாரத்தப் பாரு" என்றார்.

"இரு மேடம், முழுசா கேட்டுட்டுப் போறேன்" என்று கூடையை இறக்கி வைத்தாள் கங்கம்மா.

சார் எங்கள் யாரையும் பார்க்காமல், போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேஸெல்லாம் வேண்டாம் சார், நானே நேர்ல கொண்டு வந்து குடுத்துடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்கோ... நீங்க பேசறது ஊட்டிலேர்ந்தா, ஏற்காட்டுலேர்ந்தா, இல்லே திருவனந்தபுரத்துலேர்ந்தா?"