வாசல் ஆணி

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து வாழ்க்கைப்பட்டவள் பெள்ளி. அவள் அறை வாசலில் ஓர் ஆணி உண்டு. அதில் ஒருவனுடைய தலை உருமால் தொங்கினால் மற்றவன் உள்ளே நுழையக் கூடாது. அந்த மலையில் இதை மீறிய ஆண்பிள்ளை கிடையாது. அன்று மத்தியானம் இருவரும் எருமைகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்குப் போயிருந்தார்கள். பெள்ளி தன் முக்காட்டுத் துணியை அவிழ்த்து அந்த ஆணியில் மாட்டினாள். உள்ளே போய், வழக்கம்போல் சுவரை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். மழை இருட்டிக்கொண்டு வரும்போது வாசலில் காலடிச் சத்தம் வந்து நின்றது.

"உள்ள யாருடா?" அண்ணன் சடையனின் குரல்.

"அவதாண்ணே," என்றான் தம்பி.

"அவகூட யாருன்னு கேட்டேன்."

"அவளேதாண்ணே."

பிறகு, அவிழ்த்த உருமாலை உதறித் திரும்பத் தலையில் கட்டும் சத்தம் கேட்டது.

"மழ வருதேண்ணே."

"வரட்டும். வெறகத் தள்ளிட்டு இப்பிடி ஓரமா உக்காரு. சத்தம் போடாத."

கூரையில் தூறல் விழத் தொடங்கியது. பெள்ளி சுவரை விட்டுப் பாயின் நடுவுக்கு நகர்ந்து, கைகால்களை அகலமாக நீட்டிக்கொண்டாள்.