அத்தைக்கு நான்கு ஊசிகள்

“குத்துறதைச் சீக்கிரம் குத்து” என்று கண்களை இறுக மூடிக்கொண்டார் அத்தை. அத்தை என்றால் என் மாமியார்.

மாடியில் என் சிகிச்சை அறைக் கட்டிலில் விரித்திருந்த காகிதம் அவர் அசைந்தபோதெல்லாம் சரசரத்தது. நான் வழக்கம்போல் ஈரத்துணியை மடித்து அவர் கண்கள்மேல் போட்டேன். ஊசியைப் பார்க்கவே அவருக்குப் பயம்.

முதலில் வலது முழங்காலுக்குக் கீழே. சின்னப் பிளாஸ்டிக் குழாயைத் தோலில் நிறுத்தி, மேலே விரலால் ஒரு தட்டு. அக்குபங்சர் என்றால் வெளியில் தெரிவது அவ்வளவுதான். முடி மாதிரி ஊசி இறங்குவது பாதிப் பேருக்குத் தெரியாது, தட்டுவதுதான் தெரியும்.

“சுர்ருங்குது” என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவருக்கு ஊசிக்காரி. பன்னிரண்டு வருடம். வீட்டுக்கு யார் வந்தாலும், “டாக்டர்னு நெனச்சுடாதீங்க, கொசு படிக்காம செய்ற வேலையை இவ படிச்சுட்டுச் செய்றா” என்பார். நானும் சும்மா இருந்ததில்லை, வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் அவருக்கு மேல் வயிற்றில் வலி வந்தது. சாப்பாடு பாதியாயிற்று, பிறகு கால்வாசி. சோப்புப் போட்டால்தான் கழலும் என்று இருந்த வளையல், இப்போது கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடுகிறது.

வலி வந்த பிறகு நான் ஊசிக்காரி இல்லை. “என் மருமக கை பட்டாப் போதும், வலி பறந்துடும்.” வெளியே காத்திருக்கும் தலைவலிக்காரர், முட்டிவலிக்காரர், தூக்கம் வராதவர் எல்லோரிடமும் இதையே சொன்னார். கேட்கக் கேட்க எனக்கு மனம் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், பன்னிரண்டு வருடமாக ஏங்கிய வார்த்தை அது.

சுவரில் நானே எழுதி ஒட்டிய அட்டை இருக்கிறது. ஊசி துணைக்குத்தான், மருத்துவமனை வைத்தியத்தை யாரும் நிறுத்தக் கூடாது என்று. அதைப் படிக்காமல் உள்ளே வருகிறவர்களை அத்தையே பிடித்து உலுக்குவார். சர்க்கரை மாத்திரை போட்டாயா, பிரஷர் மாத்திரை போட்டாயா என்று நர்ஸை விட அதிகமாக மிரட்டுவார்.

தான் மட்டும் மருத்துவமனைக்குப் போக மாட்டார். மாமா, அவர் கணவர், அங்கே நடந்துதான் உள்ளே போனார். நடந்து வெளியே வரவில்லை.

நாங்கள் போய் விசாரித்தபோது, வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். மூன்று முறை நாள் வாங்கினோம். மூன்று முறையும் அன்று காலையில், ஒரே ஒரு ஊசி போடு என்பார். போட்டால், போயே போச்சு என்பார். கையையும் காலையும் கட்டியா தூக்கிக்கொண்டு போக முடியும்?

இன்று நான்காவது முறையாக வாங்கிய நாள். பதினோரு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கீழே தெருவில் அவர் பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், இஞ்சினை அணைக்காமல் காரில் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று அத்தையிடம் பேசி முடிவு செய்திருந்தேன். ஊசிக்குப் பிறகும் வலி துளி மிச்சமிருந்தால் மறுபேச்சில்லாமல் காரில் ஏற வேண்டும். இல்லையென்றால் நாங்கள் வற்புறுத்த மாட்டோம். சரி என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தார்.

இடது முழங்கால். வலது மணிக்கட்டு. இடது மணிக்கட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுர்ருங்குது.

இருபது நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தையின் விரல்கள் காகிதத்தைக் கசக்கிப் பிடித்திருந்தன. மின்விசிறி முழு வேகத்தில் ஓடியும் மேலுதட்டில் வியர்வை. வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள் அத்தை, ஒரு தடவை சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் அப்படி வேண்டிக்கொண்டது இதுவே முதல் தடவை.

மணி அடித்தது. நான்கு இடங்களிலும் பஞ்சை வைத்து அழுத்தி, முகத்துணியை எடுத்தேன்.

அத்தை மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ஒரு கை தானாக விலாவுக்குக் கீழே போயிற்று. நான் பார்ப்பது தெரிந்ததும் அதை எடுத்து என் கன்னத்தைத் தடவினார்.

“சுத்தமா இல்லம்மா. இன்னிக்குப் போட்ட மாதிரி நீ என்னைக்குமே போட்டதில்ல.”

வெள்ளைக் கோட்டுப் பையில் கையை விட்டு, உறை பிரிக்காத நான்கு ஊசிகளையும் எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். காலையிலிருந்து அவை அங்கேதான் இருந்தன. நான் தட்டியது நான்கு முறையும் வெறும் குழாயை.

“ஊசியே போடல அத்தை. அப்புறம் வலி எப்படிப் போகும்? வாங்க, கார்ல ஏறுங்க.”

அத்தை ஊசிகளைப் பார்த்தார். உதடு கோணியது. அகப்பட்டுக்கொண்டார், அழப்போகிறார், அழுதால் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தேன்.

அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஊசிகளை என் கைக்குள்ளேயே மூடினார். அவர் கை சில்லென்று நனைந்திருந்தது.

“நான் என்னைக்காவது ஊசின்னு சொன்னேனா? உன் கைன்னுதானே சொன்னேன்?”



அத்தை சுவரைப் பிடித்துப் பிடித்து ஜன்னலுக்குப் போனார். வெளியே கையை நீட்டி, வேண்டாம் என்று பிள்ளைக்கு ஆட்டினார். வளையல் முழங்கைக்கு ஓடியது.

கீழே இஞ்சின் அணைந்தது.