தபால்தலையில் இல்லாத படகு

மொண்டேவிதேயோவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எவாரிஸ்தோவும் மனைவி சுல்மாவும் தபால்தலைக் கடை போட்டிருந்தார்கள். கல்லச்சில் அடித்த தபால்தலையில் மை சமமாகப் படிந்திருக்கும். செதுக்கிய தகட்டில் அடித்ததில் மேடாக நிற்கும். சந்தேகம் வந்தால், எவாரிஸ்தோ சாக்லெட் சுற்றிய வெள்ளித்தாளை மேலே வைத்து விரலால் தேய்ப்பார். செதுக்கல் அச்சானால் படம் தாளில் எழும்பிவிடும்.

அன்று ஒரு பழைய தபால்தலையைத் தேய்த்தார். அதில் இருந்த கலங்கரை விளக்கு எழும்பியது, கடல் எழும்பியது. கடலின் நடுவே, தபால்தலையில் இல்லாத ஒரு படகும் எழும்பியது.

சுல்மா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். "நம்ம அனிபால் படகுங்க. பாய்ல ஒட்டு இருக்கு பாருங்க, நான் தைச்சது."

மகன் அனிபால் மே மாதம் மீன்பிடிக்கப் போனவன், திரும்பவில்லை.

"பேசாம இரு சுல்மா. அச்சுல ஏதோ கோளாறு," என்றார். ஆனாலும் புதுத்தாள் வைத்துத் தேய்த்தார். இம்முறை படகில் பாய் இல்லை. அடுத்த தாளில் படகு கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஒருவன் குப்புறக் கிடந்தான்.

"கரை பக்கத்துலதான் இருக்கு. அவன் நல்லா நீந்துவான்ல," என்றாள் சுல்மா.

அதற்கடுத்த தாளில் படகு மட்டும் இருந்தது. பிறகு கடல் மட்டும்.

எவாரிஸ்தோ தபால்தலையை உறைக்குள் போடப் போனார். சுல்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு சாக்லெட்டை உரித்துத் தாளை நீட்டினாள்.

"தேய்ங்க. இந்நேரம் கரையேறியிருப்பான்."

சந்தை கலைந்தபோது, உரித்த சாக்லெட்டுகள் மேசையில் வெயிலுக்கு உருகி ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. அவர் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் உரித்துக்கொண்டிருந்தாள்.