நுனி எலும்பு

நாலு விரலில் சோற்றை ஏந்திக்கொண்டு அப்பாவின் வாய்வரை போய்விட்டாள். உள்ளே தள்ளத்தான் வழியில்லை.

தள்ளுவது கட்டைவிரலின் வேலை. அது வெள்ளைக் கட்டுக்குள் விறைத்து நின்றது.

ரசஞ்சோறு அவர் மார்பில் விழுந்தது. காலையிலிருந்து மாற்றும் நாலாவது துண்டு.

நுனி எலும்புதானே, மூன்று வாரத்தில் சரியாகிவிடும் என்றார்கள் எல்லாரும். அவருடைய சக்கர நாற்காலியை மடக்கும்போது நசுங்கியது. யாரைக் குற்றம் சொல்ல?

ஸ்பூனைக் கொண்டுபோனால் அப்பா பல்லைக் கடித்துக்கொள்கிறார். அவள் கணவன் தனசேகர் பிசைந்து ஊட்டப் போனால் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பக்கவாதம் வந்து எட்டு மாதம். பேச்சுதான் போயிற்று, பிடிவாதம் போகவில்லை. மகள் கையால் ஊட்டினால்தான் சாப்பாடு.

மூன்று நாளாக உள்ளே போனது இரண்டு தம்ளர் கஞ்சி.

நாளைக்கும் இப்படியே என்றால் மூக்கில் குழாய் போட நர்ஸ் வந்துவிடுவாள். போன தடவை அப்பா அதைப் பிடுங்கி எறிந்து, தலையணையெல்லாம் ரத்தம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

எழுந்துபோய் இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். இரண்டு தடவை.

சின்ன வயதில் அந்தக் கையால் முறுக்கை எடுத்தாலே அப்பாவிடமிருந்து பட்டென்று ஓர் அடி விழும். இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. ஆனாலும் கை கூசியது.

ஒரு வாய் பிசைந்து நீட்டினாள்.

அப்பா கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. வாயின் நல்ல பக்கம் இழுத்து இழுத்து அசைந்தது.

"பீச்சாங்கை..."

குழறல்தான். ஆனால் வார்த்தை. எட்டு மாதத்தில் முதல் வார்த்தை, அந்தப் பழைய அதட்டலோடு.

அவள் கை தன் வேலையைப் பார்த்தது. திட்டத் திறந்த வாய் மூடுவதற்குள் சோற்றைத் தள்ளிவிட்டது.

அவர் முறைத்தார். மென்றார். விழுங்கினார்.

அடுத்த வாயை உருட்டி, அதே கையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"திட்டுங்கப்பா."

காத்திருந்தாள்.